கடிவாளம் யார் கையில்?
மனிதனும் இயந்திரமும்: ஒரு வரலாற்றுப் பார்வை



பரிசளிப்பு விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றதும், இராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட கதை வரப்போகிறது என்று பலரும் நினைத்திருப்பீர்கள். கெப்பாலா பத்தாசிலிருந்து மூடா ஆற்றைத் தாண்டினால் கடாரத்து மண். ஆகவே அப்படி எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் வேறு. ராஜாக்கள் கையில் வாள் இருந்த காலத்தை விட்டு, இயந்திரத்தின் கையில் கணக்கு இருக்கும் காலத்துக்கு வருவோம்.

"ஏஐ, ஏஐ" என்று இன்று பட்டிதொட்டியெல்லாம் பேச்சு. செயற்கை நுண்ணறிவு என்பது அதன் தமிழ்ப் பெயர். கேட்டால் கட்டுரை எழுதுகிறது, படம் வரைகிறது, கணக்குப் போடுகிறது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பெரியவர்களுக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கிறது. "இது இப்படியே வளந்துகிட்டே போனா, கடைசில யாருப்பா இதை அடக்குறது?" என்று கேட்கிறார்கள்.

நாடாளும் தலைவர்கள் கூடும் மாநாடுகளிலும் இதே கேள்விதான் எழுகிறது. அங்கே கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றே: "இயந்திரம் எப்போதும் மனிதனின் கட்டுப்பாட்டில் இருக்கும்." கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தில் வருகிறானே ஒரு 'மனிதன்', அவன் யார்? அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான்? அவனுக்கு என்ன தெரியும்? அவன் 'வேண்டாம்' என்றால் இயந்திரம் நிற்குமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூதத்துக்கு வேலை கொடுத்த கதை

அடங்காத சக்தியைப் பற்றிய பயம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. நம் பாட்டிமார்கள் சொன்ன கதை ஒன்று உண்டு. ஒருவன் மந்திரம் படித்து ஒரு பூதத்தை வசப்படுத்தினான். "வேலை கொடுத்துக்கிட்டே இருக்கணும். கொடுக்கலைன்னா உன்னையே தின்னுடுவேன்" என்றது பூதம். குளம் வெட்டச் சொன்னான். கண் மூடித் திறப்பதற்குள் வெட்டி முடித்தது. மாளிகை கட்டச் சொன்னான்; கட்டி முடித்தது. கடைசியில் கொடுப்பதற்கு வேலையில்லாமல், நாய் வாலை நிமிர்த்தச் சொல்லி உயிர் தப்பினான். பஸ்மாசுரன் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். வரம் கொடுத்தவர் தலையிலேயே கை வைக்கத் துரத்திக்கொண்டு வந்தான் அவன்.

சக்தியைக் கொடுப்பது சுலபம், கொடுத்த பிறகு அடக்குவதுதான் கடினம் என்பதை இரண்டு கதைகளும் சொல்கின்றன. ஆனால் அவற்றில் இன்னொன்றையும் கவனியுங்கள். பூதம் குளம் வெட்டிய இடத்தில் யாருடைய வீடு இருந்தது, யாருடைய வயல் போனது என்று கதை சொல்லவே இல்லை. பூதத்துக்கும் மந்திரக்காரனுக்கும் நடந்த போட்டியாகவே அது முடிந்துவிடுகிறது. ஊர்ச் சனம் கதையில் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1960இல் நடந்த வழக்கு

சிந்திக்கும் இயந்திரத்தைப் பற்றிய பேச்சு நேற்று முளைத்ததல்ல. 1942ஆம் ஆண்டிலேயே ஐசக் அசிமோவ் என்ற எழுத்தாளர், இயந்திர மனிதர்கள் கீழ்ப்படிய வேண்டிய மூன்று சட்டங்களைத் தம் கதையில் வகுத்தார். மனிதனுக்குத் தீங்கு செய்யாதே, மனிதன் சொல் கேள், உன்னையும் காத்துக்கொள் என்பவை அவற்றின் சாரம். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டங்கள் எப்படியெல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு தடுமாறும் என்பதையே அவர் கதை கதையாக எழுதினார். இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை 1950இல் இங்கிலாந்தின் ஆலன் டூரிங் எழுப்பினார். 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயர், 1956இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் அறிஞர்கள் கூடிய கூட்டத்தின் வழியாகவே உலகறியப் பரவியது.

கட்டுப்பாடு பற்றிய முதல் பெரிய வழக்காடல் 1960இல் நடந்தது. கணித மேதை நார்பர்ட் வீனர், அமெரிக்காவின் 'சயன்ஸ்' ஏட்டில் ஓர் எச்சரிக்கை எழுதினார். குப்பிக்குள் அடைபட்டிருந்த பூதத்தை மீனவன் திறந்துவிட்ட அரபுக் கதையை அவரும் எடுத்துக்காட்டினார் என்பது நமக்கு வியப்பூட்டும் செய்தி. இயந்திரம் மிக வேகமாக ஓடும். மனிதன் மெதுவாக யோசிப்பான். அவன் யோசித்து முடிப்பதற்குள் காரியம் கைமீறிப் போய்விடக்கூடும். ஆகவே நாம் உண்மையிலேயே எதை விரும்புகிறோமோ அதைத்தான் அதனிடம் கேட்டிருக்கிறோமா என்பதில் முன்கூட்டியே உறுதியாக இருக்க வேண்டும். இதுவே அவர் வாதம்.

அதே ஆண்டு, அதே ஏட்டில் ஆர்தர் சாமுவேல் மறுப்பு எழுதினார். இவர் சும்மா பேசியவர் அல்லர். அனுபவத்தால் தானே கற்றுக்கொண்டு 'செக்கர்ஸ்' காய் விளையாடும் கணினி நிரலை உருவாக்கியவர். "இயந்திரம் பூதமல்ல. அதற்கென்று தனி விருப்பம் கிடையாது. மனிதன் உள்ளே வைத்ததுதான் வெளியே வரும்" என்பது அவர் கட்சி.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் வழக்கு முடியவில்லை. 2023 மே மாதத்தில், இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன் கூகுள் நிறுவனத்தை விட்டு விலகி, ஆபத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். மறு ஆண்டே அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மற்றொரு சாராரோ, "நாளைக்கு வரப்போகும் பூதத்தையே பேசிக்கொண்டிருந்தால், இன்றைக்கு நடக்கும் அநியாயத்தை யார் பார்ப்பது?" என்று கேட்கின்றனர். இரு சாரார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

காவற்காரன், வேலி, பூட்டு

இன்றைய விவாதங்களைக் கூர்ந்து நோக்கினால், மனிதக் கட்டுப்பாட்டை மூன்று விதமாகக் கற்பனை செய்கிறார்கள் என்பது புலனாகும்.

முதலாவது, காவற்காரன். இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு மனிதனை உட்கார வைப்பது. கடைசி முடிவு அவனுடையது என்பது. 2024 நவம்பர் 16ஆம் நாள், பெரு நாட்டின் லீமா நகரில் அமெரிக்க அதிபர் ஜோ பைடனும் சீன அதிபர் சீ ஜின்பிங்கும் சந்தித்தபோது, அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதன் கையில்தான் இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டனர். மற்ற பலவற்றில் ஒத்துப்போகாத இரண்டு வல்லரசுகள், இதில் ஒத்துப்போயின.

இரண்டாவது, வேலி. சட்டம் போட்டு எல்லை வகுப்பது. 2021 நவம்பரில் யுனெஸ்கோவின் 193 உறுப்பு நாடுகள் ஓர் அறநெறிப் பரிந்துரையை ஏற்றன. வாழ்வா சாவா என்ற முடிவுகளை இயந்திரத்திடம் விட்டுவிடக் கூடாது என்கிறது அது. 2024 ஆகஸ்ட் முதல் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் நடப்புக்கு வந்தது. அதன் விதிகள் கட்டம் கட்டமாகச் செயலாகும்படி வகுக்கப்பட்டன. கல்வி, வேலைவாய்ப்பு, நீதி போன்ற துறைகளில் ஆபத்து மிகுந்த இயந்திரங்களை மனிதர் மேற்பார்வையிட வேண்டும் என்பதற்கென்றே அதில் 14ஆவது பிரிவு இருக்கிறது. மேற்பார்வையாளருக்கு இயந்திரத்தின் வலிமையும் குறையும் தெரிந்திருக்க வேண்டும். அது சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடும் பழக்கத்தைப் பற்றி விழிப்பு வேண்டும். தேவையானால் அதன் முடிவைத் தள்ளவும், அதை நிறுத்தவும் முடிய வேண்டும்.

மூன்றாவது, பூட்டு. "போதும், கொஞ்சம் நிறுத்துங்கள்" என்பது. 2023 மார்ச்சில் அறிஞர்கள் பலர் கையொப்பமிட்ட திறந்த மடல் ஒன்று, மிகப் பெரிய இயந்திரங்களைப் பயிற்றுவிப்பதை ஆறு மாதம் நிறுத்தி வைக்கக் கோரியது. யாரும் நிறுத்தவில்லை. அதே ஆண்டு நவம்பர் 1, 2 ஆகிய நாட்களில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் ஒரு மாநாடு கூடியது. 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரு பிரகடனத்தை ஏற்றன. அண்டை நாடுகளான சிங்கப்பூர், இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் ஆகியவற்றின் பெயர்கள் அதில் இருந்தன. நம் மலேசியாவின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

மனிதன் பக்கத்தில் இருந்தால் போதுமா?

காவற்காரன் இருந்தால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

1983 செப்டம்பர் 26. மாஸ்கோவுக்கு அருகே ஓர் இராணுவ நிலையத்தில் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்ற சோவியத் அதிகாரி இரவுப் பணியில் இருந்தார். அமெரிக்கா ஏவுகணை வீசிவிட்டது என்று கணினி அலறியது. முதலில் ஒன்று, பிறகு மொத்தம் ஐந்து என்று எண்ணிக்கை காட்டியது. பெத்ரோவ் யோசித்தார். போர் தொடுப்பவன் ஐந்தே ஐந்து கணைகளோடா தொடங்குவான்? அந்தக் கருவியும் புதியது. அதன் குறைகள் அவருக்குத் தெரியும். "இது பொய்யான எச்சரிக்கை" என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். அவர் கணித்ததே சரி. மேகங்களின் மேல் பட்ட சூரிய ஒளியை ஏவுகணை என்று கருவி தவறாக எண்ணியிருந்தது.

அடுத்து, 2018 அக்டோபர் 29. ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானம் ஜாவாக் கடலில் விழுந்து 189 பேர் மாண்டனர். அது போயிங் நிறுவனத்தின் 737 மேக்ஸ் ரக விமானம். ஓர் உணர்கருவி பிழையான தகவல் கொடுக்க, அதை நம்பிய தானியங்கி அமைப்பு விமானத்தின் மூக்கை மீண்டும் மீண்டும் கீழே அழுத்தியது. விமானி இருக்கையில்தான் இருந்தார். கையும் விசையில்தான் இருந்தது. ஆனால் அப்படி ஓர் அமைப்பு விமானத்துக்குள் இருக்கிறது என்பதே விமானிகளுக்குச் சொல்லப்படவில்லை. அடுத்த ஆண்டு மார்ச் 10இல் எத்தியோப்பியாவில் அதே ரக விமானம் விழுந்து 157 பேர் மாண்டனர். இம்முறை விமானிகளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஆயினும் கீழ்நோக்கிப் பாயும் விமானத்தை மீட்க அவர்களுக்குக் கிடைத்தவை சில நிமிடங்களே.

இந்த நிகழ்ச்சிகளிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? மனிதன் பக்கத்தில் இருப்பது மட்டும் கட்டுப்பாடு ஆகாது. அவனுக்கு மூன்று வேண்டும். இயந்திரம் என்ன செய்கிறது என்ற அறிவு, யோசிப்பதற்கு அவகாசம், 'வேண்டாம்' என்று சொன்னால் எடுபடும் அதிகாரம். அறிவு, அவகாசம், அதிகாரம் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் கடிவாளம் கையில் இருந்தும் இல்லாதது போலத்தான்.

பால்மரம் கற்றுத் தந்த பாடம்

இது ஏதோ தொலைதூரத்துச் சங்கதி என்று எண்ண வேண்டாம். அறிவும் அதிகாரமும் வேறு யார் கையிலோ இருந்தால் என்ன ஆகும் என்பதை நம் தாத்தா பாட்டிமார்கள் உடம்பால் அனுபவித்தவர்கள்.

பால் ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். இருட்டோடு பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளியில் சுமந்து வந்து கொட்டுவார்கள். 'மெட்ரோலாக்' என்ற கண்ணாடிக் கருவியைப் பாலில் மிதக்க விடுவார்கள். அது காட்டும் எண்ணை வைத்து, இந்தப் பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்கெழுதப்படும். கருவியில் தவறில்லை, அது விஞ்ஞானம். ஆனால் அந்த எண் எப்படி வந்தது, அது எப்படிக் காசாக மாறியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? "ஏன் ஐயா, இன்னிக்குக் கொறைச்சலா இருக்கு?" என்று கேட்டால், "புஸ்தகத்துல அப்படித்தான் வருது" என்பதே பதில். இன்று கடனுக்கோ உதவித்தொகைக்கோ மனுச் செய்து கிடைக்காதபோது, "சிஸ்டத்துல அப்படித்தான் வருது" என்று முகப்பில் சொல்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஸ்டோரில் நடந்தது இது என்றால், உலக அரங்கில் நடந்ததையும் பார்ப்போம். முதல் உலகப் போருக்குப் பிறகு ரப்பர் விலை படுவீழ்ச்சி அடைந்தது. வின்ஸ்டன் சர்ச்சில் குடியேற்ற நாட்டு அமைச்சராக இருந்த காலத்தில், ஸ்டீவன்சன் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் திட்டப்படி 1922 நவம்பர் முதல் மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. வழக்கமான விளைச்சலில் 60 விழுக்காடு மட்டுமே ஏற்றுமதி செய்யலாம் என்று அது தொடங்கியது. விலையை மனிதன் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியும் என்பதே அவர்களின் நம்பிக்கை. ஆனால் டச்சுக்காரர்களின் இந்தோனேசியா இதில் சேரவில்லை. அங்கே விளைச்சல் பெருகிற்று. 1928 அக்டோபரோடு திட்டம் கைவிடப்பட்டது.

பிறகு வந்தது உலகப் பொருளாதார மந்தம். 1930களின் தொடக்கத்தில் தோட்டங்களில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. இலட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934இல் பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ், இந்தியா, சயாம் ஆகிய அரசுகள் சேர்ந்து அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் குழு இலண்டனில் கூடியது. அரசாங்கங்களுக்கு அங்கே இடம் இருந்தது. டயர் முதலியன செய்யும் முதலாளிகளிடம்கூட ஆலோசனை கேட்கப்பட்டது. மரம் வெட்டியவனுக்கு அங்கே நாற்காலி இல்லை. 'கட்டுப்பாடு' என்ற சொல் அப்போதும் இருந்தது, மனிதர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த மனிதர்களில் நாம் இல்லை. நாம் அவர்களின் கணக்கில் ஓர் எண்ணாகத்தான் இருந்தோம்.

இந்த நிலையை நம்மவர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டு கிடந்தார்களா? இல்லை. 1954இல் சிதறிக் கிடந்த சங்கங்கள் இணைந்து தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானது. பி.பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றினார். மேசையின் இந்தப் பக்கத்திலும் ஒரு நாற்காலி போடப்பட்டது.

அடுத்து வந்தது தோட்டத் துண்டாடல். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். பிறந்து வளர்ந்த லயத்தை விட்டு வெளியேற வேண்டிய கதி நம் மக்களுக்கு. அந்த வேளையில்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேருங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். நம் பக்கத்து மாநிலமான கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டமே முதலில் வாங்கப்பட்டது. எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை என்பது உண்மை. ஆயினும், அடுத்தவர் தீர்மானிக்கும் எதிர்காலத்துக்குக் காத்திராமல், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து அதிகாரத்தை விலைக்கு வாங்கிய வரலாறு நம்முடையது. அது மறக்கத்தக்கதன்று.

நம் நாட்டில் நடப்பது

பால்மரம் நின்ற பெர்த்தாம் மண்ணில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் மருத்துவக் கல்விக் கழகமும் நிற்கின்றன. 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறக்கப்பட்டு, இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்தபோது, தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பலர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். கணினியின் மூளையாகிய சில்லுகளைப் பொருத்தி, சோதித்து, உறையிடும் உலக வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடப்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஆக, இந்தச் சிந்திக்கும் இயந்திரத்தின் உடம்பில் நம் வீட்டுப் பெண்களின் கைரேகையும் இருக்கிறது. அதன் நடத்தையைத் தீர்மானிக்கும் மேசையில் அந்தக் கைகளுக்கு இடமுண்டா என்பதே கேள்வி.

நம் அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2024 செப்டம்பரில் செயற்கை நுண்ணறிவு ஆளுமைக்கும் அறநெறிக்குமான தேசிய வழிகாட்டி வெளியிடப்பட்டது. அதில் ஏழு கோட்பாடுகள். அவற்றுள் ஒன்று நம்பகம், பாதுகாப்பு, கட்டுப்பாடு ஆகியவற்றைப் பற்றியது. ஆனால் அந்த வழிகாட்டி, விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகையில் வெளிவந்ததே தவிர, கட்டாயச் சட்டமாக அல்ல. அதே ஆண்டு டிசம்பர் 12இல் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் தேசிய செயற்கை நுண்ணறிவு அலுவலகத்தைத் தொடக்கி வைத்தார்.

இந்த அலுவலகமெல்லாம் வருவதற்கு முன்பே இயந்திரம் நீதிமன்றத்துக்குள் நுழைந்துவிட்டது. 2020 பிப்ரவரியில் சபாவில், போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை கொடுக்கலாம் என்று பரிந்துரைக்கும் கணினி முறை முதன்முதலாகப் பயன்பட்டது. சபா, சரவாக்கில் 2014 முதல் 2019 வரை வழங்கப்பட்ட தீர்ப்புகளைப் படித்துக் கற்றுக்கொண்டது அது. அது பரிந்துரைக்க மட்டுமே செய்யும், தீர்ப்பு நீதிபதியினுடையது. இன வேறுபாடு நுழைந்துவிடாதபடி, இனம் என்ற விவரமும் அதிலிருந்து நீக்கப்பட்டது. நல்ல முன்னெச்சரிக்கைதான்.

ஆயினும் வழக்கறிஞர்கள் ஆட்சேபம் தெரிவித்தனர். நம் மூன்று அளவுகோல்களையும் வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். நீதிபதிக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் கூண்டில் நிற்பவனுக்கு? இந்த எண் எப்படி வந்தது என்று அவனுக்கோ, அவன் வழக்கறிஞருக்கோ தெரியாவிட்டால் எதை எதிர்த்து வாதிடுவது? பழைய தீர்ப்புகளில் ஒரு சாய்வு இருந்தால், இயந்திரமும் அதையே பாடமாகப் படித்துக்கொள்ளும் அல்லவா? மேலே இருப்பவருக்குக் கட்டுப்பாடு இருந்தால் கீழே நிற்பவருக்கும் இருக்கிறது என்று பொருளாகாது.

தாயகமான தமிழ்நாடு இதற்கொரு வழி யோசித்தது. 2020இல் பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கையை அம்மாநில அரசு வெளியிட்டது. மக்களுக்கான சேவையில் ஒரு கணினி முறையைப் புகுத்துமுன், அது நேர்மையானதா, அந்தரங்கத்தைக் காக்கிறதா, வெளிப்படையானதா, வசதியற்றவரை விட்டுவிடுகிறதா என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் இட வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். நம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் பார்த்துத்தானே இன்று பரிசளிக்கிறோம்? இயந்திரத்துக்கும் அப்படியொரு தேர்வு வைப்பதில் தவறென்ன?

நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

அன்பார்ந்த பெற்றோர்களே! இனி வரும் நாட்களில் உங்கள் பிள்ளையின் உதவித்தொகை, உங்கள் கடன் மனு, வேலைக்கான நேர்காணல் என்று பலவற்றையும் இயந்திரம் முதலில் வடிகட்டக்கூடும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. வாய்மூடி இருக்கவும் வேண்டியதில்லை. மூன்றே மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகிக்கொள்வோம்.

ஒன்று, "இது எதை வச்சு முடிவு பண்ணுச்சு? எனக்குப் புரியும்படி சொல்ல முடியுமா?" இது அறிவுக்கான கேள்வி.

இரண்டு, "முடிவு இறுதியாவதற்கு முன் நான் முறையிட எத்தனை நாள் இருக்கு?" இது அவகாசத்துக்கான கேள்வி.

மூன்று, "இதை மாத்துற அதிகாரம் உள்ள ஆள் யாரு? அவரை நான் பார்க்கணும்." இது அதிகாரத்துக்கான கேள்வி.

இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத இடத்தில், "மனிதனின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது" என்று எவ்வளவு அழகாக எழுதி வைத்தாலும், அது வெறும் ஏட்டுச் சுரைக்காய். தனியாகக் கேட்டால் காதில் விழாது என்றால், சங்கமாகவும் பெற்றோர் ஆசிரியர் சங்கமாகவும் சேர்ந்து கேட்கலாம். பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கிய சமுதாயத்துக்குச் சேர்ந்து கேட்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. இயந்திரத்திடம் விடை கேட்பது தப்பில்லை. ஆனால் அந்த விடை சரிதானா என்று பார்க்கும் அறிவு உங்களிடம் இருக்க வேண்டும். பெத்ரோவ் அன்று இரவு கணினியைவிட வேகமாகக் கணக்குப் போட்டவரல்லர். "இது பொருந்தவில்லையே" என்று சந்தேகப்படும் அளவுக்குத் தம் பாடத்தை நன்றாகப் படித்திருந்தவர். கணிதமும் அறிவியலும் தமிழும் மலாயும் ஆங்கிலமும் நீங்கள் ஊன்றிப் படிப்பது, பால் ஸ்டோரில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிய உங்கள் முன்னோர்களின் சார்பில் நீங்கள் கேட்கப்போகும் கேள்விக்கான முதலீடு. உங்களில் ஒருவர் நாளை அந்த இயந்திரத்தை அமைப்பவராகலாம். இன்னொருவர் சட்டம் இயற்றும் மேசையில் உட்காரலாம்.

இன்று பரிசு பெறும் பிள்ளைகளுக்கும், அடுத்த ஆண்டு பெறவிருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களை ஆளாக்கப் பாடுபடும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நெஞ்சார்ந்த வாழ்த்துகள்.

வாழ்க நம் தமிழ்ப்பள்ளி! வளர்க நம் சமுதாயம்!